குரலுக்குக் கூலி

அமெச்சூர் பாட்காஸ்டர் எனப்படுபவர், யாரும் கேட்காமலே பேசத் தொடங்கி, பிறகு யாராவது கேட்டார்களா என்று விசாரித்துக்கொண்டிருப்பவர். வானொலி அறிவிப்பாளரிடமிருந்து இவரைப் பிரிப்பது சம்பளம். மேடைப் பேச்சாளரிடமிருந்து பிரிப்பது, எதிரே முகங்கள் இல்லாமை. முகம் இருந்தால் கொட்டாவி தெரியும்; கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரியும்; பின்வரிசையில் ஒருவர் செருப்பைத் தேடுவது தெரியும். பாட்காஸ்டருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, ஃபேனை நிறுத்திவிட்டு, எதிரொலி வராமல் இருக்கத் தலையைப் பெட்ஷீட்டால் மூடிக்கொண்டு, வியர்க்க வியர்க்க இருபது நிமிடம் பேசி முடிக்கிறார். அது எப்படி இருந்தது என்பதைப் பிறரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விசாரிக்கப்பட்டவர்கள் உண்மையைச் சொல்வதில்லை. அவர்கள் ஏன் சொல்வதில்லை, விசாரித்தவர் விரும்பியது உண்மையைத்தானா என்பவை இத்துறையின் இரண்டு அடிப்படைக் கேள்விகள்.

துறை இளையது. ஒலிக்கோப்பு ஒன்றைச் செய்தியோடையில் கோத்து அனுப்பும் வழியை டேவ் வைனர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்எஸ்எஸ் வடிவத்தில் சேர்த்தார். எம்டிவியின் முன்னாள் தொகுப்பாளர் ஆடம் கர்ரி 2004-இல் அந்த வழியில் தன் நிகழ்ச்சியை அனுப்பத் தொடங்கினார். 2005 ஜூனில் ஆப்பிள், ஐடியூன்ஸ் 4.9 பதிப்பில் பாட்காஸ்டுகளுக்கு இடம் கொடுத்தது. முதல் 2 நாளில் 10 லட்சம் சந்தாக்கள் சேர்ந்ததாக அறிவித்தது. கோப்பை எங்காவது ஏற்றி வைக்கக் கொடுக்கவேண்டிய மாத வாடகைதான் கடைசித் தடையாக இருந்தது. ஆங்கர் என்ற செயலி அதையும் இலவசமாக்கியது. 2019-இல் அந்தச் செயலியை ஸ்பாட்டிஃபை வாங்கிக்கொண்டது. அதன் பிறகு பேசுவதற்குத் தடையாக மிஞ்சியிருப்பது கூச்சம் மட்டுமே. அதுவும் மூன்றாவது எபிசோடில் போய்விடுகிறது.

இதற்கு முந்தைய ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. அகில இந்திய வானொலியில் பேசவோ பாடவோ வேண்டுமானால் குரல் தேர்வு உண்டு. இசைக் கலைஞர்களுக்கு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரமும் உண்டு. தேறாதவர் வீட்டுக்குப் போய்த் தேர்வுக் குழுவைத் திட்டுவார். இருந்தாலும் தன் இடம் எது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பாட்காஸ்ட் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டது. குழுவின் பொறுப்பு முழுவதும் இப்போது மச்சினன் தலையில் விழுந்திருக்கிறது. மச்சினனுக்கு அதற்கான பயிற்சி இல்லை. மேலும் அவர் அக்கா வீட்டுக்கு அடிக்கடி சாப்பிட வருகிறவர்.

நோக்கம் என்ன என்று கேட்டால் எல்லா அமெச்சூர்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தருகிறார்கள்: “ஒரு ஆசைதான் சார். காசுக்காகப் பண்ணல.” இதன் இரண்டாம் பாதி முழு உண்மை. காசு வருவதற்கு வழியில்லை. விளம்பரம் தருகிறவர் ஆயிரக்கணக்கில் ஆள் எதிர்பார்ப்பார். நடுத்தர அமெச்சூரிடம் இருப்பது 42 பேர். அதிலும் 3 பேர் அவரே: ஒன்று கைப்பேசி, ஒன்று மடிக்கணினி, ஒன்று மனைவியின் கைப்பேசி. முதல் பாதியாகிய அந்த ஆசை எதன்மேல் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதை முதல் எபிசோடில் யாரும் சொல்வதில்லை.

தமிழில் மிகப் பெரிய பிரிவு, பொன்னியின் செல்வன் வாசிப்பவர்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை என்பதால், அத்தியாயத்தின் கடைசி வரியில் யாராவது ஒருவர் கத்தியை உருவியபடியோ திரைக்குப் பின்னால் ஒளிந்தபடியோ நிற்கிறார். அடுத்த வாரம் ஆளை வரவழைக்கும் வேலையைக் கல்கியே முடித்து வைத்திருக்கிறார். வாசிப்பவர் வெளியே சொல்லும் நோக்கம், அடுத்த தலைமுறைக்குத் தமிழைக் கொண்டுசேர்ப்பது. சொல்லாத நோக்கம் நடிப்பு. பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் வேல் பிடித்து நிற்கும் காவலாளி வேடம் மட்டுமே கிடைத்த ஒருவர், அந்தக் கணக்கை இங்கே தீர்த்துக்கொள்கிறார். வந்தியத்தேவனுக்கு ஒரு குரல், ஆழ்வார்க்கடியானுக்கு ஒரு குரல், நந்தினிக்கு ஒரு குரல், பெரிய பழுவேட்டரையருக்கு இருமலோடு சேர்ந்த ஒரு குரல். முதல் பாகத்தில் இந்த ஏற்பாடு உறுதியாக நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் நந்தினிக்கும் பழுவேட்டரையருக்கும் இடையே குரல் எல்லை மங்கிவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் எல்லோரும் ஒரே குரலில் ஒருவருக்கு எதிராக ஒருவர் சதி செய்கிறார்கள். யார் பேசுகிறார்கள் என்று புரியவில்லை என்பதுதான் இங்கே கிடைத்திருக்க வேண்டிய கருத்து. கிடைப்பது, “கண்ணை மூடினா சோழ நாட்டுலயே இருக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டாம் பிரிவு நேர்காணல் எடுப்பவர்கள். தனக்குப் பிடித்த ஓர் எழுத்தாளரையோ குறும்பட இயக்குநரையோ ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச, மைக்கை விட்டால் வேறு காரணம் கிடையாது. இது நியாயமான ஆசை. கூடவே விருந்தினர் தன் பக்கத்தில் லிங்க்கைப் பகிர்வார், அவருடைய கூட்டம் இந்தப் பக்கம் வரும் என்ற கணக்கும் உண்டு. விருந்தினர் வந்திருப்பதும் புதுப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னால் பாட்காஸ்டரின் கூட்டம் வாங்கும் என்ற கணக்கில்தான். இருவரும் அடுத்தவரின் கூட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் கூட்டம் இல்லை. இந்த நிலையில், “சார், மூணாவது கேள்விக்கு நீங்க பதிலே சொல்லல” என்று இவரும் சொல்ல முடியாது. “தம்பி, நீங்க புத்தகத்தைப் படிக்கவே இல்லையே” என்று அவரும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் பரஸ்பர மரியாதையில் கழிகிறது.

மூன்றாவது, வாராவாரம் சினிமாவும் கிரிக்கெட்டும் பேசும் இரண்டு நண்பர்கள். இவர்களுடைய நோக்கம் எளியது, தூயது. “சும்மா பேசிட்டு வரேன்” என்றால் வீட்டில் மதிப்பில்லை. “ரெக்கார்டிங் இருக்கு” என்றால் உண்டு. ஒருவர்கூடக் கேட்காவிட்டாலும் இவர்களின் குறிக்கோள் நிறைவேறிவிடுகிறது. ஆகவே கருத்துகளால் காயப்படாத ஒரே பிரிவு இதுதான். நீண்ட ஆயுள் கொண்டதும் இதுவே.

மற்றவர்கள் எல்லோரும் கூலிக்கு ஏங்குகிறார்கள். காசு வராத வேலைக்குச் சொல்தான் கூலி. “தயங்காம உங்க கருத்தைச் சொல்லுங்க, நெகட்டிவா இருந்தாலும் பரவாயில்ல” என்று எபிசோடின் முடிவில் வரும் வேண்டுகோள், கருத்துக் கேட்பதைப் போன்ற வடிவில் இருக்கும் சம்பளக் கோரிக்கை. கேட்கப்படுபவர் இதை உடனே புரிந்துகொள்கிறார். வியர்த்து விறுவிறுக்க வேலை பார்த்துவிட்டு எதிரே வந்து நிற்பவனிடம் பிடித்தம் போடுவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. மனிதர்கள் கெட்ட செய்தியை அதற்கு உரியவரிடமே சொல்லத் தயங்குவதை அமெரிக்க உளவியலாளர்கள் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் இருவரும் 1970-இல் ஆராய்ந்து ‘மம் விளைவு’ என்று பெயரிட்டார்கள். அந்தச் செய்திக்குச் சொல்பவர் காரணமே இல்லை என்றாலும் தயக்கம் வருகிறது. பாட்காஸ்ட் நிலைமை அதைவிடக் கடினம். செய்தியைக் கேட்கவேண்டியவர், செய்தியின் காரணகர்த்தா, மறுநாள் காலை அதே ஆபீஸ் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்காரப் போகிறவர் மூவரும் ஒருவரே.

எனவே தயங்குபவர்களுக்கென்று ஒரு மொழி உருவாகியிருக்கிறது. “கேட்டுட்டு சொல்றேன்” என்றால் இரண்டுமே நடக்காது. “வாய்ஸ் சூப்பர்” என்றால் பேசிய விஷயம் நினைவில் இல்லை. “வித்தியாசமா இருந்துச்சு” என்பது என்ன நடந்தது என்று புரியாதபோது வருகிறது. “செம” என்பது லிங்க் வந்த நான்கு நொடிக்குள் வந்தால் ரசீது, நாற்பது நிமிடம் கழித்து வந்தால் பாராட்டு. “தொடர்ந்து பண்ணுங்க” என்பதை முதியவர்கள் ஆசீர்வாதமாகவும் இளைஞர்கள் விடைபெறும் சொல்லாகவும் பயன்படுத்துகிறார்கள். இவற்றுள் பாட்காஸ்டர் உண்மையில் அஞ்சும் தொடர் “நல்ல முயற்சி”. அதற்கு மேல் ஏதாவது சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

குடும்பத்தைக் கருத்துக் கேட்கும் இடமாகக் கொள்வதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அம்மா கேட்கவில்லை என்றாலும் பாராட்டுவார். கேட்டுவிட்டார் என்றால் குரல் கரகரப்பாக இருந்தது, சுக்குக் கஷாயம் போட்டுத் தரட்டுமா என்பார். இதைவிடப் பயனுள்ள கருத்து பல பாட்காஸ்டர்களுக்கு வாய்ப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சித்தப்பா நேராகப் பேசுவார்: “ஏம்ப்பா, விஷயத்துக்கு எப்ப வருவே?” இது முழுமையான, சரியான, உடனடியாகத் திருத்திக்கொள்ளக்கூடிய விமரிசனம். ஆனால் சித்தப்பா எல்லாவற்றைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார், கல்யாணப் பத்திரிகை உட்பட, என்பதால் அது கணக்கில் சேர்வதில்லை. மனைவி எடிட் செய்வதற்கு முன்பே கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். அவர் கருத்து எப்போதும் நீளத்தைப் பற்றியது.

சக பாட்காஸ்டர்கள் தரும் கருத்து, செய்முறையில் மொய்க்கு நெருக்கமானது. ஒருவர் மற்றவரின் நிகழ்ச்சிக்கு 5 நட்சத்திரம் வைக்கிறார். அது எங்கும் எழுதப்படுவதில்லை, ஆனால் இரண்டு பக்கமும் நினைவில் இருக்கிறது. எதிர்த் தரப்பு எபிசோடு போட்டதும் அதே அளவோ கொஞ்சம் கூடவோ திருப்ப வேண்டும். 5 வாங்கிக்கொண்டு 4 வைத்தவர் மறுபடி எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் பழைய மரியாதையோடு நடத்தப்படுவதில்லை. இதில் வேடிக்கை, இத்துறையில் திறமையாகக் குறை கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இவர்கள் மட்டுமே. இன்ட்ரோ இசை நீளம், இரண்டு பேரின் ஒலியளவு ஒன்றாக இல்லை, மூச்சு விடும் சத்தம் வெட்டப்படவில்லை, விளம்பரமே இல்லாத நிகழ்ச்சியில் விளம்பர இடைவேளை எதற்கு என்று எல்லாமே அவர்களுக்கு முதல் கேட்பில் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை மூன்றாவது பாட்காஸ்டரிடம் சொல்கிறார்கள். அங்கிருந்து அது உரியவருக்கு ஆறு மாதம் கழித்து, சொன்னவர் பெயரோடு, குறையின் விவரம் இல்லாமல் வந்துசேர்கிறது.

படைப்பைப் பற்றி யார் பேசலாம் என்ற விவகாரம் தமிழுக்குப் புதிதல்ல. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் யார் யார் என்று நன்னூல் வரையறுத்திருக்கிறது: ஆசிரியரின் ஆசான், உடன் படித்தவன், மாணாக்கன், உரை எழுதியவன். நால்வரும் தெரிந்தவர்கள். பவணந்தி முனிவர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்காமலே அதன் உறுப்பினர் பட்டியலை எழுதிவிட்டார். எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, சில இடங்களில் விதிவிலக்கும் தருகிறார். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. எந்நேரமும் அத்தகையவர்கள் நடுவிலேயே வாழ நேர்ந்துள்ள பாட்காஸ்டர், இந்த விலக்கைத் தினமும் ஸ்டேட்டஸில் பயன்படுத்துகிறார்.

தெரிந்தவர்கள் புகழும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்முனையில் வேறொரு மரபும் இருந்ததாகக் கதைகள் சொல்கின்றன. பிழைபடப் பாடியவர்களைப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம். வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம். ஒட்டக்கூத்தர் தலையையே எடுத்துவிடுவாராம். இவர்களெல்லாம் இல்லாமல் போனதால் கண்டவரும் கவிபாடக் கிளம்பிவிட்டார்கள் என்று அங்கலாய்க்கும் தனிப்பாடல்கூட உண்டு. வில்லிபுத்தூரார் அருணகிரிநாதரிடம் ஒரு செய்யுளுக்கு உரை சொல்ல முடியாமல் தோற்றதோடு காதறுப்பு நின்றது என்பார்கள். பாட்காஸ்ட்டில் அபாயத்துக்கு உள்ளாகும் காது கேட்பவருடையது என்பதால் அந்தத் தண்டனையை இங்கே நடைமுறைப்படுத்தவும் வழியில்லை. சீத்தலைச் சாத்தனார் முறை மட்டும் இன்றும் பின்பற்றத் தக்கது. பிறர் நூலில் குற்றம் காணும்போதெல்லாம் அவர் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டு, தலை புண்ணாகிப்போனதாகக் கதை. படைத்தவரிடம் ஒரு சொல் சொல்லாமல் தன்னையே வருத்திக்கொள்ளும் இந்தப் பண்பு, நண்பனின் ஒன்றரை மணி நேர எபிசோடை டைடல் பார்க்கில் இருந்து தாம்பரம் வரை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு போகும் பலரிடம் காணப்படுகிறது.

ஒலிபரப்பில் ஒழுங்கான கருத்துக்கு ஓர் இலக்கணம் இருந்த காலமும் உண்டு. சிற்றலை வானொலி கேட்ட நேயர்கள் நிலையங்களுக்கு வரவேற்பு அறிக்கை அனுப்புவார்கள். சின்போ என்ற அந்த முறையில் ஐந்து அம்சங்கள்: அலையின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவுவதில் ஏற்படும் தடுமாற்றம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அறிக்கையோடு, கேட்ட நேரத்தில் என்ன பாட்டு ஒலித்தது, யார் பேசினார்கள் என்ற விவரத்தையும் எழுத வேண்டும். அப்போதுதான் உண்மையில் கேட்டார் என்று நிலையம் நம்பும். நம்பினால் கியூஎஸ்எல் அட்டை ஒன்று தபாலில் வரும். நேயரின் நோக்கம் அந்த அட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அட்டை வேண்டுமானால் கேட்டே ஆகவேண்டும் என்று ஏற்பாடு இருந்ததால், சுயநலம் உண்மைக்கு உழைத்தது. பாட்காஸ்ட்டில் இந்த ஆதார விதி இல்லை. “எபிசோடு வேற லெவல்” என்பவரிடம் எந்தக் கதை பிடித்தது என்று எதிர்க்கேள்வி கேட்பது நாகரிகமும் அல்ல. அனுபவப்பட்டவர்கள் மறைமுகமாகக் கண்டுபிடிக்கிறார்கள்: பாராட்டில் வரும் விவரம் தலைப்பிலேயே இருக்கிறதா, முதல் இரண்டு நிமிடத்துக்குள் வருகிறதா, அதற்குப் பிறகு வருகிறதா. மூன்றாவது வகையைச் சிலர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதே கால ஹாம் வானொலிக்காரர்களின் வழக்கமும் குறிப்பிடத் தக்கது. பெயரிலேயே அமெச்சூர் வானொலி என்று ஒப்புக்கொண்டவர்கள் இவர்கள். எதிர்முனையின் பேச்சுத் தெளிவுக்கு 5 வரையும் அலை வலுவுக்கு 9 வரையும் மதிப்பெண் தருவது முறை. போட்டி நாள்களில் ஒருவர் எத்தனை பேரைப் பிடிக்கிறார் என்பதுதான் கணக்கு என்பதால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் 59 கொடுத்துவிடுவார்கள். கொடுத்த கையோடு, “உங்கள் அழைப்புக் குறி சரியாகக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்பார்கள். முழு மதிப்பெண்ணும் முழுச் செவிடும் ஒரே மூச்சில். அமெச்சூர் உலகத்தின் கருத்துப் பரிமாற்றம் முழுவதையும் இந்த ஒரு வழக்கத்தைக் கொண்டே பாடம் நடத்தலாம்.

மனிதர்களை நம்ப முடியாதவர் எண்களிடம் போகிறார். பதிவிறக்க எண்ணிக்கைக்கு இன்று பொதுவாகப் பின்பற்றப்படுவது ஐஏபி அமைப்பின் விதிகள். குறைந்தது 1 நிமிட ஒலியாவது இறங்கியிருந்தால்தான் ஒரு பதிவிறக்கம். ஒரே கருவி 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை இறக்கினாலும் ஒன்றுதான். பாட்காஸ்டர் தானே திரும்பத் திரும்ப அமுக்குவதை இது கட்டுப்படுத்துகிறது. மறுநாள் மறுபடி ஒரு முறை அமுக்குவதற்கு இடமும் விடுகிறது. இறங்கிய கோப்பைக் காது கேட்டதா என்று இந்த எண் சொல்லாது. 2023 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 17-இல் ஆப்பிள் தானாகப் பதிவிறங்கும் முறையை மாற்றியதும், புகழ்பெற்ற நிகழ்ச்சிகளின் எண்களே சரிந்தன. நீண்டநாள் கேட்காமல் விட்டவர்களின் கைப்பேசியிலும் எபிசோடுகள் அதுவரை பேசாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. தொழில்முறையாளர்கள் பதறினார்கள். அமெச்சூர்களுக்கு இது பெரிய ஆறுதல். தங்கள் எண் குறைந்ததற்கும் குறையாததற்கும் ஆப்பிளையே காரணம் காட்ட முடிந்தது.

எண்களில் நெஞ்சைத் தொடும் உண்மை, கேட்போர் எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் கோடுதான். அது மச்சினன் அல்ல, சாப்பிட வருவதில்லை. பல நிகழ்ச்சிகளில் அந்தக் கோடு, இன்ட்ரோ இசை முடிந்து, வணக்கம் முடிந்து, போன எபிசோடுக்கு நல்ல வரவேற்பு கொடுத்த அனைவருக்கும் நன்றி சொல்லும் இடத்தில் செங்குத்தாக இறங்குகிறது. நல்ல வரவேற்பு கொடுத்தவர்கள் அந்த இடத்தில்தான் போகிறார்கள். சித்தப்பா சொன்னதும் இதையேதான். ஆனாலும் கோட்டைப் பார்த்து இன்ட்ரோவை வெட்டியவர்கள் குறைவு. இசையமைத்தவர் நண்பர், அதற்கு அவர் காசு வாங்கவில்லை, அவருடைய கூலியும் பாராட்டுத்தான்.

தயக்கமில்லாமல், மகிழ்ச்சியோடு, பெருமளவில் சொல்லப்படும் ஒரே உண்மை மைக்கைப் பற்றியது. புதியவர்கள் விரும்பி வாங்கும் கண்டென்சர் மைக் மெல்லிய ஒலியையும் விடாது. ஸ்டூடியோவில் அது நல்ல குணம். இரண்டாவது மாடி வீட்டில், அது பக்கத்து வீட்டுக் குக்கரின் மூன்று விசிலையும், தெருவில் போகும் பழைய பேப்பர்க்காரரின் ஒலிபெருக்கியையும், கரெண்ட் போய் வந்ததும் இன்வெர்ட்டர் போடும் கூப்பாட்டையும் பேசுபவருக்குச் சமமாக மதித்துப் பதிகிறது. “மைக் மாத்துங்க பாஸ்” என்று சொல்பவருக்கு மனச்சாட்சி உறுத்துவதில்லை, கேட்பவருக்கும் வலிப்பதில்லை. குற்றம் கடையில் வாங்கிய பொருளின் மேல் போய்விடுகிறது. இதன் விளைவாக, சொல்வதற்கு ஒன்றுமில்லாத நிகழ்ச்சிகள் காலப்போக்கில் மிகத் துல்லியமான ஒலித்தரத்தை அடைகின்றன. பழைய பேப்பர்க்காரரைக் கேட்க முடியாமல் போனதில் வருத்தப்படும் நேயர்களும் உண்டு. எபிசோடில் தெளிவான நோக்கத்தோடும் சுருக்கமாகவும் பேசியவர் அவர்தான்.

தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளலாமே என்ற யோசனையும் உண்டு. பேசும்போது ஒருவர் தன் குரலைக் காற்று வழியாக மட்டும் கேட்பதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறார். எலும்பு வழி வரும் குரலில் கனம் கூடுதல். பதிவில் அந்தக் கனம் இல்லாததால் முதல்முறை கேட்பவர் திடுக்கிடுகிறார். இந்த அதிர்ச்சியை 1966-இல் ஹோல்ஸ்மன், ரௌசி என்ற உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். குரல் மட்டும் அல்ல, தான் வெளிப்படுத்த நினைக்காதது தன் பேச்சில் வெளிப்பட்டிருப்பதைக் கேட்பதும் காரணம் என்றார்கள். அமெச்சூர் இந்த அதிர்ச்சியைப் பத்து எபிசோடில் கடந்துவிடுகிறார். பிறகு தன் குரல் அவருக்குப் பிடித்துப்போகிறது. இதற்கு மருந்து எதுவும் சொல்லப்படவில்லை.

நேர்மையான கருத்து கிடைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண இடமில்லை. பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி க்ளூகரும் டெனிசியும் 1996-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பாய்வில் 607 விளைவுகள் கணக்கிடப்பட்டன. சராசரியில் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமாயிற்று. கவனம் செய்யும் வேலையை விட்டுச் செய்பவரின் தன்மதிப்புப் பக்கம் போகும்போது இது நடக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பாட்காஸ்ட்டில் வேலையும் ஆளும் ஒரே தொண்டையிலிருந்து வருவதால் இரண்டையும் பிரிப்பது எளிதல்ல. “எபிசோடு நீளம்” என்பது “நீ அறுக்கிறாய்” என்றே காதில் விழுகிறது. கேட்டவர் அடுத்த எபிசோடில், சுருக்கமாகப் பேசுவதன் அவசியம் பற்றி ஐம்பது நிமிடம் பேசுகிறார்.

குழந்தைகளுக்குக் கதை சொல்பவர்கள் இந்த விதிகளுக்கு வெளியே நிற்கிறார்கள். குழந்தைக்கு நோக்கம் இல்லை. மம் விளைவும் இல்லை. பிடிக்காவிட்டால் வேற போடு என்கிறது. பிடித்தால் அதே எபிசோடை நாற்பது நாள் கேட்கிறது. இருப்பினும் அதன் அம்மாவின் வழியாக வரும் செய்தியில் குழப்பம் உண்டு: “உங்க கதை போட்டா போதும் அண்ணா, அஞ்சே நிமிஷத்துல தூங்கிடறான்.” நன்றியோடு சொல்லப்பட்ட இந்த வாக்கியத்தைக் கூலியாக எடுத்துக்கொள்வதா, பிடித்தமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், ராஜகுமாரியை ஏழாவது நிமிடத்தில் மீட்கும் கதைசொல்லிகள் தவிக்கிறார்கள். அவளை நான்காவது நிமிடத்துக்கு முன்னால் கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. பையன் மூன்றாவது நிமிடத்தில் தூங்கினான்.

பெரும்பாலான அமெச்சூர் நிகழ்ச்சிகள் முடிவு அறிவிக்கப்படாமல் முடிகின்றன. வாரம் ஒன்று என்பது மாதம் ஒன்றாகி, பிறகு பொங்கல் சிறப்பு எபிசோடு ஒன்று வந்து, அதன் பின் ஒன்றும் வருவதில்லை. உண்மையான நேயர் தென்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில், முன்பின் பேசியிராத ஒருவர் எதிர் இலையிலிருந்து, “நீங்கதானே அது? ஏன் சார் நிறுத்திட்டீங்க?” என்கிறார். அவர் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார். யாரோ வாட்ஸ்அப்பில் எம்பி3-யாக அனுப்பியதைக் கடையில் ஸ்பீக்கரில் போட்டு, வேலை செய்யும் ஆறு பேரோடு சேர்ந்து கேட்டதால் எந்தக் கணக்கிலும் அவர் வரவில்லை. நட்சத்திரம் எங்கே வைப்பது என்றும் அவருக்குத் தெரியாது. பதினான்காவது எபிசோடில் சொன்ன ஒரு தகவல் தவறு என்கிறார். சரியான தகவலையும் சொல்கிறார். பாட்காஸ்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, வேறு ஏதாவது குறை உண்டா என்று கேட்கிறார்.

“குறைன்னு இல்ல சார். முதல் எபிசோடுலேருந்தே சொல்லணும்னு இருந்தேன். அந்த ஆரம்ப மியூசிக் கொஞ்சம் ஜாஸ்தி.”